கணினியின் வாயிலும் காவலும்



நம் வீட்டுச் சுவரிலே 'பிளக் பொயின்ற்' என்று நாம் வழங்கும் மின்வாய் ஒன்று இருக்கிறது. அதிலே மின்விசிறியைச் செருகினாலும், மின்னழுத்தியைச் செருகினாலும், அது "நீ யார்?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கில்லை. மின்சாரம் சுவரிலிருந்து கருவிக்குச் செல்கிறது. கருவியிலிருந்து சுவருக்குச் செய்தி எதுவும் வருவதில்லை. கணினியின் பக்கத்திலே காணப்படும் சிறிய செருகுவாயோ அத்தகையதன்று. அங்கே ஒரு பொருளைச் செருகிய கணத்திலேயே இரு தரப்புக்கும் இடையில் ஒரு சம்பாஷணை தொடங்கிவிடுகிறது. கணினி "நீ யார்?" என்று வினவுகிறது. செருகப்பட்ட பொருள் தன்னைப் பற்றித் தானே விடை கூறுகிறது. அந்த விடையைக் கணினி அப்படியே நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கை எங்ஙனம் பிறந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, கேடு யாது, அக்கேட்டைத் தடுக்க முயன்றோர் எதிர்கொண்ட சங்கடம் யாது என்பனவே இன்று நாம் நோக்கப் புகும் வரலாறு.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் தனியாள் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், கணினியோடு ஒரு புறக்கருவியை இணைப்பது தனியொரு வித்தையாகவே இருந்தது. அச்சுப்பொறிக்கு இருபத்தைந்து முனைகள் கொண்ட அகன்ற வாய், தொலைபேசி வழியே செய்தி அனுப்பும் மோடத்துக்கு வேறொரு வாய், விசைப்பலகைக்கு வட்டமானதொன்று. ஒலி அட்டை போன்ற ஒன்றைப் பொருத்துவதாயின் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி, அட்டையின் மீதுள்ள சின்னஞ்சிறு இணைப்புத் துண்டுகளை இடம் மாற்றி வைத்தல் வேண்டும். கணினியின் மூளையைத் தட்டி அழைப்பதற்கென்று ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் உண்டு. 1984இல் வந்த கணினியிலே அவ்விலக்கங்கள் மொத்தம் 16. அவற்றுட் பல முன்னரே பிறவற்றுக்கு ஒதுக்கப்பட்டவை. இரண்டு கருவிகள் ஒரே இலக்கத்தைப் பற்றிக்கொண்டால் இரண்டும் இயங்கமாட்டா. சிலவேளை கணினியே உறைந்து நின்றுவிடும். கடையிலே வாங்கிவந்த ஒரு பொருளைப் பொருத்துவதற்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டவர்கள் பலர்.

ஆயினும் அத்தொல்லைக்குள் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. ஓர் அந்நியக் கருவி, மனிதன் ஒருவன் முயன்று உள்ளே அழைத்தாலன்றி உள்ளே வர இயலாது. இதனைப் பாதுகாப்பு என்று எவரும் திட்டமிட்டுச் செய்தாரல்லர். கடினமே காவலாக நின்றது. பிற்காலத்தார் அக்கடினத்தை நீக்கியபோது, காவலையும் உடன் நீக்குகிறோம் என்பதை உணர்ந்திலர்.

நீக்கும் பணி 1993இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனமும் மைக்ரோசொப்ட் நிறுவனமும் கூடி, அட்டைகள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளவும், கணினி அவற்றுக்குத் தானே இலக்கம் வழங்கவும் ஏற்ற ஒரு விதிமுறையை வகுத்தன. 'பிளக் அண்ட் பிளே', அதாவது செருகியதும் இயங்கும் முறை, என்று அதற்குப் பெயரிட்டனர். 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 24ஆம் திகதி வெளியான விண்டோஸ் 95 அம்முறையைப் பெருமையோடு விளம்பரப்படுத்தியது. தொடக்கத்திலே அது சரிவர இயங்கவில்லையாதலின், 'செருகிவிட்டுப் பிரார்த்தனை செய்' என்று ஆங்கிலத்திலே பெயரைத் திரித்துப் பாவனையாளர் நகைத்தனர்.

உண்மையான மாற்றம் 1996 ஜனவரியில் வந்தது. கொம்பக், டிஜிற்றல், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசொப்ட், என்.ஈ.சி., நோர்தேர்ன் ரெலிகொம் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறையின் முதல் விதிநூலை வெளியிட்டன. இதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் இன்டெலில் பணியாற்றிய அஜய் பட். இந்தியாவிலே பரோடாச் சர்வகலாசாலையிற் கற்றவர். தம் இல்லத்தார் அச்சுப்பொறி ஒன்றை இணைக்கப் பட்ட பாட்டைக் கண்டே, இது சுவரிலே மின்செருகியைச் செருகுவது போல் எளிதாதல் வேண்டும் என்று எண்ணியதாக அவர் பின்னர் செவ்விகளிலே கூறியிருக்கிறார். சுவரையும் கணினியையும் ஒப்பிடும் உவமை, ஆகவே, நம்முடையதன்று. இம்முறையின் பிறப்பிலேயே உள்ளது. ஆனால் சுவர் எதையும் நம்புவதில்லை என்னும் வேறுபாடு அன்று பெரிதாகத் தோன்றவில்லை.

அந்தச் சம்பாஷணை எவ்வாறு நிகழ்கிறது என்று சற்றே பார்ப்போம். கருவி செருகப்பட்டதும் கணினி அதற்கு ஓர் எண்ணை வழங்குகிறது. ஓர் இணைப்பில் 127 கருவிகள் வரை இருக்கலாம். பின்னர், உன்னைச் செய்தவர் யார், நீ எவ்வகையைச் சேர்ந்தவன் என்று கேட்கிறது. கருவி ஒரு குறியெண்ணால் விடையிறுக்கிறது. விசைப்பலகை, மவுஸ் முதலிய கைக்கருவிகளின் வகை 3. அச்சுப்பொறியின் வகை 7. கோப்புகளைச் சேமிக்கும் கருவிகளின் வகை 8. விடை கிடைத்ததும், அவ்வகைக்கு ஏற்ற மென்பொருளைக் கணினி தானே எழுப்பி வேலையில் அமர்த்துகிறது. ஒரே கருவி தன்னை இரண்டு மூன்று வகையினதாக அறிவித்துக்கொள்ளவும் விதியிலே இடமுண்டு. இவ்வளவும் ஓரிரு விநாடிக்குள் முடிந்துவிடும். இதிலே மனிதனிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை என்பதையும், கருவி சொல்வது மெய்யோ பொய்யோ என்று சோதிக்கும் வழி எதுவும் வைக்கப்படவில்லை என்பதையும் நேயர்கள் கவனித்தல் வேண்டும். விதிநூல் எழுதியோரைக் குறை கூறுவதற்கில்லை. அக்காலத்தில் அவர்கள் முன்னிருந்த பகை கள்ளனல்லன், கடினமே.

1998 ஏப்ரல் மாதத்தில் சிக்காகோ நகரிலே நடந்த கணினிக் கண்காட்சியில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. விண்டோஸ் 98இன் சிறப்பைக் காட்டுவதற்காக, பில் கேற்ஸ் மேடையில் நிற்க, அவருடைய உதவியாளர் ஒருவர் படமெடுக்கும் ஸ்கானர் கருவி ஒன்றை யூ.எஸ்.பி. வாயிலே செருகினார். செருகியவுடன் திரை முழுவதும் நீலமாகிக் கணினி செயலற்றுப்போனது. மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. இன்னும் இதனை நாம் விற்பனைக்கு விடாததன் காரணம் இதுதான் போலும் என்ற கருத்துப்படக் கேற்ஸும் நகைச்சுவையாகக் கூறிச் சமாளித்தார். வேடிக்கைதான், எனினும், வெளியிலிருந்து வரும் ஒரு பொருள் உள்ளே இருக்கும் அனைத்தையும் ஒரு கணத்தில் வீழ்த்த வல்லது என்பதற்கு இதனினும் பகிரங்கமான சான்று வேறு வேண்டுமோ? அதே ஆண்டு அப்பிள் நிறுவனம், பழைய வாய்களையெல்லாம் ஒழித்து, யூ.எஸ்.பி.யையே நம்பி ஐமாக் கணினியை வெளியிட்டது. அதன் பின் உலகம் இம்முறைக்குத் திரும்ப அதிக காலம் செல்லவில்லை.

2000ஆம் ஆண்டில் விரலளவான ஒரு பொருள் சந்தைக்கு வந்தது. முதலில் வந்தவற்றுள் ஒன்றின் கொள்ளளவு 8 மெகாபைற் மாத்திரமே. நாம் 'பென்ட்றைவ்' என்று வழங்குவது இதனையே. போட்டோப் பிரதிக் கடைக்கு இதைக் கொண்டு சென்று அச்செடுத்துவராத மாணவர் நம் ஊர்களிலே அரியர். அவ்வாறு கொண்டு சென்ற என் பென்ட்றைவ் ஒருமுறை, நான் எழுதாத இரண்டு கோப்புகளோடு வீடு திரும்பியது. அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஓட்டோரன்'. அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. குறுந்தட்டைச் செருகியதும் அதிலுள்ள நிகழ்ச்சி தானே தொடங்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், விண்டோஸ் 95இலே இவ்வசதி வைக்கப்பட்டது. தட்டிலே அப்பெயர் கொண்ட கோப்பு இருப்பின், அதிலே சொல்லப்பட்டதைக் கணினி செய்து முடிக்கும். பதிக்கப்பட்ட குறுந்தட்டைப் பிறர் மாற்றி எழுதுதல் இயலாதாகையால் அப்போது ஆபத்துக் குறைவு. எவரும் எழுதக்கூடிய பென்ட்றைவுக்கும் இவ்வசதி நீண்டபோதோ, விருந்தாளி தன் சட்டைப்பையிலே கொண்டுவந்த கட்டளையை வீட்டுக்காரன் வாய்பேசாது நிறைவேற்றும் நிலை உண்டாயிற்று.

2008ஆம் ஆண்டு இதன் பலன் தெரிந்தது. மத்திய கிழக்கிலே அமெரிக்க இராணுவத் தளம் ஒன்றில், ஒரு மடிக்கணினியில் செருகப்பட்ட பென்ட்றைவ் வழியாக ஒரு கேடான மென்பொருள் நுழைந்து, இரகசிய வலைப்பின்னல் வரை பரவியது. பாதுகாப்புப் பிரதிச் செயலாளராயிருந்த வில்லியம் லின் 2010இல் இதனை வெளிப்படையாகவே எழுதினார். 2008 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் பென்ட்றைவ்களை அடியோடு தடைசெய்தது. 2010 பெப்ரவரியிலேதான் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. கொன்பிக்கர் என்னும் புழுவும் அதே காலத்தில் தோன்றி, ஓட்டோரன் வழியையும் பயன்படுத்தி உலகமெங்கும் பரவியது. மைக்ரோசொப்ட் 2009இல் வெளியிட்ட விண்டோஸ் 7இலே பென்ட்றைவுக்குரிய ஓட்டோரனை நீக்கியது. 2011இல் பழைய விண்டோஸ்களுக்கும் அம்மாற்றத்தை அனுப்பிவைத்தது. நீக்கியதால் பெருங்குறை கூறியவர் எவருமிலர். ஒரு வசதி எவ்வளவு அற்பமானது என்பது சிலவேளை அதை எடுத்துவிட்ட பின்னரே தெரியவருகிறது.

கதவொன்றை அடைத்தால் வேறொன்று திறந்தது. 2010 ஜூன் மாதத்தில் பெலாருஸ் நாட்டு நிறுவனம் ஒன்று கண்டெடுத்த ஸ்ரக்ஸ்நெற் என்னும் மென்பொருள், ஈரானில் நத்தான்ஸ் என்னுமிடத்து யுரேனியச் செறிவாலையைக் குறிவைத்தது. அவ்வாலை இணையத்தோடு இணைக்கப்படாதது. பென்ட்றைவிலுள்ள கோப்புகளின் சின்னங்களைத் திரையிலே காட்டிய மாத்திரத்திலேயே இயங்கிவிடும் ஒரு குறைபாட்டை ஸ்ரக்ஸ்நெற் பற்றிக்கொண்டது. இணையத்தை வெட்டிவிட்டோம், இனி அச்சமில்லை என்றிருந்தோருக்கு இது பேரிடி.

இனி, மனித சுபாவத்தைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் இலினோய் சர்வகலாசாலை வளாகத்திலே ஆய்வாளர் சிலர் 297 பென்ட்றைவ்களைத் தவறவிட்டவை போல் ஆங்காங்கே போட்டு வைத்தனர். முடிவுகள் 2016இல் வெளியாயின. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்துச் செல்லப்பட்டன. நூற்றுக்கு நாற்பத்தைந்திலே உள்ளிருந்த கோப்புகள் திறக்கப்பட்டன. முதலாவது பென்ட்றைவ் செருகப்படுவதற்கு ஆறு நிமிடங்கூடச் செல்லவில்லை. எடுத்தவர்கள் மூடரல்லர். உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்கவே செருகினோம் என்று அவர்களுட் பலர் கூறினர். ஆகவே, "அந்நியப் பொருளைத் தொடாதீர்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவதால் இப்பிரச்சினை தீரும் என்று நான் நம்புவதில்லை.

2014ஆம் ஆண்டிலே இக்கதை அதன் வேருக்கே சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் மாநாட்டிலே, பேர்லினைச் சேர்ந்த கார்ஸ்ரன் நோல், யாக்கொப் லெல் என்னும் இருவர் 'பாட் யூ.எஸ்.பி.' என்று தாம் பெயரிட்ட ஒன்றைச் செய்து காட்டினர். ஒவ்வொரு பென்ட்றைவுக்குள்ளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. "நீ யார்?" என்னும் வினாவுக்கு விடை கூறுவது அதுவே. பல சில்லுகளின் உள்நிகழ்ச்சியை மாற்றி எழுதலாம் என்று அவர்கள் கண்டனர். மாற்றியெழுதிய பென்ட்றைவ், "நான் வகை 8" என்று கூறாது, "நான் வகை 3" என்கிறது. கணினி அதனை விசைப்பலகை என்று ஏற்றுக்கொள்கிறது. பின்னர் அது, கணினிக்கு முன்னால் அமர்ந்திருப்பவரே தட்டுவது போலக் கட்டளைகளைப் படபடவென்று தட்டிவிடுகிறது. கோப்புகளைத் துருவும் வைரசு எதிர்ப்பு மென்பொருளுக்கு இது புலப்படாது. ஏனெனில் கேடு கோப்பிலே இல்லை. பென்ட்றைவிலுள்ள அனைத்தையும் அழித்தாலும் பயனில்லை. அவ்விருவரும் தம் செய்நிரலை வெளியிடவில்லை. சில வாரங்களிலேயே வேறு இருவர் தாமே செய்து வெளியிட்டுவிட்டனர்.

இதற்கு மருந்து என்ன? புதிய கருவி வந்தால் மனிதனைக் கேட்டுக்கொண்டு அனுமதிப்பதே மருந்து என்று எளிதாகச் சொல்லிவிடலாம். லினக்ஸ் இயங்குதளத்திலே, ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியையும் அனுமதிக்கவோ மறுக்கவோ வல்ல ஏற்பாடு 2007இலேயே இருந்தது. 2015 அளவில் 'யூ.எஸ்.பி. கார்ட்' என்னும் மென்பொருள் அதனைப் பட்டியலிட்டு ஆள வழிசெய்தது. ஆனால் ஓர் இக்கட்டைப் பாருங்கள். விசைப்பலகை பழுதாகிறது. புதியதொன்றை வாங்கிவந்து செருகுகிறோம். "இவ்விசைப்பலகையை அனுமதிக்கலாமா? ஆம் என்று தட்டுக" என்று திரையிலே வினா எழுகிறது. எதனால் தட்டுவது? வாயிற்காவலன், திறவுகோலையே வெளியே நிறுத்திவைத்துவிட்டு, திறவுகோல் எங்கே என்று கேட்கும் கதைதான்.

யூ.எஸ்.பி.யின் பொய்யுரை ஒருபுறமிருக்க, அதனினும் கடிய ஆபத்து ஒன்று வேறு வழியிலே வளர்ந்துவந்தது. வேகம் மிகுந்த கருவிகளுக்குக் கணினியின் நினைவகத்தை நேரே படிக்கவும் எழுதவும் உரிமை வழங்குவது பழைய வழக்கம். களஞ்சியத்துக்கு நெல் மூட்டை கொண்டுவருபவனை வாசலிலே நிறுத்தி ஒவ்வொன்றாக வாங்கி வைப்பதற்குப் பதிலாக, "நீயே உள்ளே போய் அடுக்கிவிடு" என்று விடுவது போன்றது அது. வேலை விரைவில் முடியும். ஆனால் உள்ளே போனவன் அடுக்குகிறானா, அள்ளுகிறானா என்று பார்ப்பாரில்லை. அட்டைகள் பெட்டிக்குள்ளே பூட்டப்பட்டிருந்த நாளில் இதனாற் பழுதில்லை. 1995இலே தர நிர்ணயம் பெற்ற பயர்வயர் இணைப்பு அவ்வுரிமையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தது. 2004இல் ஜெர்மானியரான மக்சிமிலியான் டோர்ன்சைப், பாட்டுக் கேட்கும் ஐபொட் கருவி ஒன்றைக் கொண்டே இவ்வழியாகக் கணினியின் நினைவகத்தைக் கைப்பற்றலாம் என்று காட்டினார். அது தெரிந்த பின்னரும், 2011இல் இன்டெலும் அப்பிளும் அறிமுகஞ்செய்த தண்டர்போல்ற் இணைப்பு அதே உரிமையை இன்னும் வேகமாக வெளியே கொண்டுவந்தது. வேகத்தின் மீதுள்ள ஆசை அத்தகையது.

களஞ்சியத்தைச் சுற்றி வேலியிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் அதற்கென ஒதுக்கிய மூலையை மாத்திரம் திறந்துவிடும் வன்பொருட் காவல் உண்டு. ஆனால் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையாரும் பிறரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயங்குதளங்கள் அவ்வேலியை அடைக்காமலோ அரைகுறையாக அடைத்தோ வைத்திருந்தன. தண்டர்போல்ற் கருவிகளுக்கெனத் தனியாக நான்கு காவற்படிகளும் வகுக்கப்பட்டன. கேளாமலே அனைத்தையும் அனுமதிப்பது ஒன்று. பாவனையாளரைக் கேட்பது ஒன்று. முதன்முறை அனுமதித்தபோது ஒரு மறைகுறியைக் கருவிக்குள்ளே பதித்து, மறுமுறை வந்தது அதே கருவிதானா என்று சோதிப்பது ஒன்று. திரைக்குரிய படத்தை மாத்திரம் விட்டு மற்றவற்றை மறுப்பது ஒன்று.

கேட்பதென்றால் எப்போது கேட்பது, எவரைக் கேட்பது? இவ்வினாவை நேருக்கு நேர் நோக்கியவர்கள் லினக்ஸ் உலகத்தினர். ரெட் ஹற் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்ரியன் கெல்னர் எழுதிய 'போல்ற்' என்னும் மென்பொருள் 2018இல் பெடோரா 28 வெளியீட்டிலே இடம்பெற்றது. அவர்கள் கண்ட வழி இது: கணினியை நிருவகிக்கும் அதிகாரமுள்ளவர் உள்நுழைந்திருந்து, திரையும் பூட்டப்படாதிருந்தால், புதிய கருவியை வினாவின்றியே ஏற்றுக்கொள், திரை பூட்டப்பட்டிருந்தால் அந்நியக் கருவியை ஏற்காதே. நான் முதலில் இதைக் கேட்டபோது, இது காவலா, காவலின் நிழலா என்று ஐயுற்றேன். சிந்திக்குங்கால் அதன் நியாயம் விளங்கியது. பத்துமுறை வினா எழுந்தால் பதினோராம் முறை படியாமலே 'ஆம்' என்று அழுத்துவது மனித இயல்பு. அங்ஙனம் அழுத்தப்படும் 'ஆம்' காவலன்று, வெறும் சடங்கு. அதனினும், கணினியை மேசையிலே விட்டுவிட்டு உரியவர் தேநீர் அருந்தச் சென்ற வேளையிலே எவனோ ஒருவன் செருகுவதைத் தடுத்தல் மேல். வீட்டுக்காரன் இல்லாதபோது கதவைத் திறவாதே என்பதே அதன் சாரம். வீட்டுக்காரனையே ஏமாற்றி, நல்ல பொருள் என்று கையிலே கொடுத்துச் செருகவைப்பவனுக்கு எதிராக இவ்வழியால் பயனில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அதற்கு வேலிதான் வேண்டும். விண்டோஸ் 10இலே 2018இல் வந்த திருத்தம் அவ்வேலியையும் திரைப் பூட்டையும் சேர்த்தே பயன்படுத்தத் தலைப்பட்டது. அதே ஆண்டு ஜூலையிலே அப்பிள் நிறுவனமும், ஐபோன் ஒரு மணிநேரத்துக்கு மேல் பூட்டியிருந்தால் அதன் வாய் வழியே மின்னூட்டம் அன்றிச் செய்தி செல்லாதவாறு செய்தது.

2020 மே மாதத்தில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துச் சர்வகலாசாலையைச் சேர்ந்த பியோர்ன் ரைற்றன்பேர்க், தண்டர்போல்றின் காவற்படிகளையே கழற்றிவிடலாம் என்று காட்டினார். மடிக்கணினியின் அடிப்பலகையைத் திறந்து, கட்டுப்பாட்டுச் சில்லின் நினைவை மாற்றியெழுதினால், எந்தக் கருவியையும் கேளாமலே ஏற்கும்படி செய்துவிடலாம். அதற்குச் சில நிமிடங்களே போதுமாயின. திருகாணியைக் கழற்றிப் பெட்டியைத் திறக்கும் பழைய வித்தை இங்கே மீண்டும் வந்தது, இம்முறை கள்ளனுக்கு உதவியாக.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான மாக் இயங்குதளத்திலே, அப்பிள் மடிக்கணினிகள் புதிய யூ.எஸ்.பி. கருவியையும் தண்டர்போல்ற் கருவியையும் ஏற்குமுன் உரியவரைக் கேட்கத் தொடங்கின. மின்னூட்டிகளுக்கும் திரைகளுக்கும் அவ்வினா இல்லை. புதிய இயங்குதளத்துக்கு மாறும் வேளையிலே ஏற்கெனவே செருகியிருந்த கருவிகளும் பழைய உறவினராகக் கொள்ளப்பட்டு, வினாவின்றி உள்ளே விடப்பட்டன. இவ்விதி மேசைக் கணினிகளுக்கு இல்லை, மடிக்கணினிகளுக்கே உரியது. மடிக்கணினி பலரிடையே எடுத்துச் செல்லப்படுவது ஒரு காரணமாகலாம். அதற்கு உடலோடு ஒட்டிய விசைப்பலகை ஒன்று பிறவியிலேயே உண்டு, வினா எழுந்தால் 'ஆம்' என்று தட்ட அங்கே ஒரு விசை இருக்கிறது என்பது மற்றொரு காரணம் எனக் கருதுகிறேன்.